மேகச் சுவரும் சீமெந்துப் பூச்சும்



கொஞ்சம் நீளமான பதிவு. எங்கள் ஊர்ப் பழைய பள்ளிவாசலின் சுவர்களைச் சுரண்டிவிட்டு சீமெந்து பூசுவது பற்றிப் பேச்சு நடக்கிறது. நல்ல நிய்யத்தில்தான் பேசுகிறார்கள். ஆனாலும் கை வைப்பதற்கு முன்னர் இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

கண்டி வாவியோரம் நடக்கும்போது அலையலையாக வளைந்த வெள்ளை மதிலைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் மேகச் சுவர். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கட்டத் தொடங்கியது. 1815இல் இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போனதால் முடியாமலே நின்றுவிட்டது. இங்கிலாந்தில் ஜோசப் அஸ்ப்டின் 'போர்ட்லண்ட் சீமெந்து'க்குக் காப்புரிமை பெற்றதோ 1824இல். ஆக, அந்த மதில் எழும்பிய காலத்தில் இன்று நாம் பைகளில் வாங்கும் சீமெந்து உலகத்தில் எங்குமே இல்லை. அன்று சுவர்களைப் பிடித்து வைத்தது சுண்ணாம்புதான்.

அதற்குக் கண்டியார் தூரம் போகத் தேவையிருக்கவில்லை. திகன, பலகொல்ல, மாத்தளைப் பக்கங்களில் நிலத்துக்குக் கீழே பளிங்கு போன்ற டொலமைற்றுக் கல் இருக்கிறது. திகன என்றால் இப்போது நமக்கு 2018 மார்ச் மாதம்தான் ஞாபகம் வருகிறது. அதற்கு முன்னர் அந்தப் பக்கத்தைச் சொன்னால் சுண்ணாம்புச் சூளைகள் ஞாபகம் வரும். விகாரை, கோவில், பள்ளி எல்லாவற்றுக்கும் சூளைச் சுண்ணாம்புதான்.

சூளையில் நடப்பது என்ன? சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோவை ஏறக்குறைய 900 பாகை செல்சியசில் சுட்டால், 44 கிலோ காபனீரொட்சைட்டாகப் பறந்துவிடும். மிஞ்சும் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு. தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீற்றிய சுண்ணாம்பாகிறது. மணலோடு குழைத்துப் பூசிய பிறகு, அது காற்றிலிருந்து அதே காபனீரொட்சைட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு மெல்ல மெல்லக் கல்லாகிறது. அப்படி உருவாகும் கல்சியம் காபனேற்றுப் பளிங்குகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதுதான் பூச்சின் பலம்.

இதை வகுப்பில் எல்லோரும் செய்திருக்கிறோம். சுண்ணாம்பு நீருக்குள் குழாயால் ஊதினால் பால் நிறமாகும். அந்த வெண்மை கல்சியம் காபனேற்று. பிள்ளைகள் அதோடு நிறுத்திவிடுவார்கள். இன்னும் ஊதினால் நீர் மறுபடியும் தெளியும், காபனேற்று கரைந்துவிடும். நீர் வற்றினால் திரும்பவும் பளிங்காகும். பழைய சுவரில் மயிரளவு வெடிப்பு விழுந்தால் மழைநீர் இதே வேலையைச் செய்கிறது. ஓரிடத்தில் சுண்ணாம்பைக் கரைத்து, வெடிப்புக்குள் படிய வைத்து அடைக்கிறது.

பிறகு சீமெந்து வந்தது. காங்கேசன்துறை ஆலை 1950இல் உற்பத்தி தொடங்கியது. 1985இல் திறந்த விக்டோரியா அணை 122 மீற்றர் உயரக் கொங்கிறீற்று. அப்படியொன்றைச் சுண்ணாம்பால் கட்ட முடியாது. சீமெந்தைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை.

சீமெந்துக்குள்ளும் அதே பளிங்குதான் வளர்கிறது. நீர் பட்டுச் சீமெந்து இறுகும்போது கல்சியம் ஐதரொட்சைட்டு உண்டாகிறது. காற்றின் காபனீரொட்சைட்டு உள்ளே புகுந்து அதைக் காபனேற்றாக மாற்றுகிறது. இந்த மாற்றம் இரண்டு மடங்கு ஆழம் போக, பொதுவாக நான்கு மடங்கு காலம் எடுக்கும். சிறு வெடிப்புகள் இதனால் அடைபடுவதுண்டு. ஆனால் கொங்கிறீற்றின் காரத்தன்மை குறைகிறது. அந்தக் காரத்தன்மைதான் உள்ளே இருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காப்பது. சுண்ணாம்புச் சுவருக்குப் பலம் தரும் அதே மாற்றம், கம்பி போட்ட தூணுக்கு வயதாவதன் அடையாளம்.

பழைய சுவரில் சீமெந்து பூசினால் என்ன ஆகும்? சுண்ணாம்புச் சுவர் நிலத்து ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். சீமெந்துப் பூச்சு அந்த வழியை அடைத்துவிடும். ஈரமும் உப்பும் உள்ளே தங்கும், செங்கல் உதிரும். நாங்கள் படிப்பித்த ஒரு பாடசாலையின் பழைய கட்டடத்தில் இதைக் கண்ணால் கண்டோம். பூசி இரண்டு மாரி போவதற்குள் பூச்சு வயிறு ஊதி, தட்டினால் வெறும் சத்தம் கேட்டது. விழுந்த இடத்தில் செங்கல் விரலுக்குத் தூளாக வந்தது.

எங்கள் பள்ளியின் சுவர் நம் பாட்டன்மார் தலையில் சுமந்த சுண்ணாம்பு. அழுக்காக இருப்பது உண்மை. அதற்கு மருந்து சுரண்டுவதல்ல. கூரை ஒழுக்கை நிறுத்துவோம், சுவரடித் தண்ணீர் ஓட வழி செய்வோம், உதிர்ந்த இடத்தை மட்டும் சுண்ணாம்புக் கலவையால் திருத்தி வெள்ளையடிப்போம். சுண்ணாம்பு வேலை தெரிந்த பழைய மேசன்மார் நம் பக்கங்களில் இன்னும் இருந்தால், அவர்களை முதலில் கூப்பிட்டுக் காட்டுவோம். ஒரு நாள் கூலி கொடுத்துக் கேட்பதால் ஜமாஅத்துக்கு நட்டமில்லை. சுரண்டிய சுவரைத் திரும்ப ஒட்ட முடியாது.