நட்சத்திரக் குறி இல்லாத கேள்விகள்

அரசாங்கத்தை நிற்கவைத்துக் கேள்வி கேட்கிற உரிமை யாருக்கும் சும்மா வந்ததில்லை. 1861இல் வெள்ளைக்காரன் சட்டமன்றங்களை விரித்து அமைத்தபோது, அங்கே போய் உட்கார்ந்த பெரிய மனுசங்களுக்கே கேள்வி கேட்க வாய் கிடையாது. 1892இல்தான் கேட்கலாம் என்றான். வந்த பதில் மேல் இன்னொரு துணைக்கேள்வி போட 1909 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கப்புறம் பத்து வருசம் கழித்துத்தான் சேரிக்காரன் குரல் சென்னைச் சட்டமன்றத்துக்குள் கேட்டது. எம்.சி.ராஜா, இரட்டைமலை சீனிவாசன், எல்.சி.குருசாமி, ஆர்.வீரையன் என்று வரிசையாகப் போனார்கள், கேட்டார்கள். பொதுச்சாலையில் ஏன் நடக்க முடியவில்லை, பொதுக்கிணற்றில் ஏன் தண்ணி எடுக்க முடியவில்லை, பள்ளிக்கூடத்தில் எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டார்கள்.

1922இல் எம்.சி.ராஜா கொண்டுவந்த தீர்மானத்தை நினைவில் வையுங்கள். அரசாங்க ஏடுகளில் 'பஞ்சமர்', 'பறையர்' என்று எழுதுவதை நிறுத்து, 'ஆதிதிராவிடர்' என்று எழுது என்பது அதன் சாரம். பதிவேட்டில் ஒரு சனத்தை என்ன பேர் போட்டு எழுதுகிறார்கள் என்பது எழுத்தன் வேலை அல்ல, அரசியல் என்று அன்றைக்கே நம்ம ஆள் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார். ஆனால் அதே பதிவேட்டில் பேரே இல்லாமல் போன நம்ம சனம் ஒன்று இருக்கிறது. அவர்களுக்காகக் கேட்கப்பட்ட கேள்விகளும் கேட்கப்படாமல் விட்ட கேள்விகளும்தான் இந்தக் கட்டுரையின் விசயம்.

பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டி என்றால் பலருக்கும் பூண்டுச் சந்தை ஞாபகத்துக்கு வரும். அங்கே ஒரு இலங்கைத் தமிழர் முகாமும் இருக்கிறது. 2021இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பேரை எடுத்துவிட்டு 'மறுவாழ்வு முகாம்' என்று வைத்தது. பேர் மாறியது நல்லதுதான். பதிவேட்டில் சனம் இன்னும் அயல்நாட்டார்தான்.

இதில் பெரிய கொடுமை ஒன்று உண்டு. தமிழகத்து முகாம்களில் இருக்கிற எல்லாரும் யாழ்ப்பாணத்தார், வன்னியார் இல்லை. அதில் கணிசமானவர்கள் மலையகத் தமிழர்கள். அதாவது மதுரை, திருச்சி, சேலம், ராமநாதபுரம், திருநெல்வேலி, தஞ்சாவூர்ச் சீமைகளிலிருந்து கங்காணி பிடித்துக்கொண்டு போன கூலிகளின் பேரப்பிள்ளைகள். பள்ளர், பறையர், சக்கிலியர் என்று பெரும்பங்கு நம்ம சனம். தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் விளையும் என்று ஆசை காட்டிக் கூட்டிப் போன கதை மலையகத்தில் இன்றைக்கும் புழங்குகிறது. இந்தப் பள்ளத்தாக்கின் சேரிகளில் கஞ்சிக்கில்லாதவனுக்கு இரண்டு வழி இருந்தது. போடிமெட்டு, குமுளி ஏறி ஏலக்காட்டுக்கும் மூணாறு தேயிலைக்கும் போவது ஒன்று. மண்டபம் போய்க் கடல் தாண்டிக் கண்டிச்சீமைக்குப் போவது இன்னொன்று. மலையேறியவன் 1956 நவம்பர் 1இல் மாநிலம் பிரித்தபோது கேரளத்தான் ஆனான். ஆனாலும் இந்தியக் குடிமகன். கடல் தாண்டியவன் எந்த நாட்டானும் இல்லாமல் போனான். இரண்டு பேரும் ஒரே தெருவில் பிறந்தவர்களாகக்கூட இருந்திருக்கலாம். பஞ்சம் ஒன்று, பட்ட பாடும் ஒன்று. காகிதம்தான் வேறே.

அந்தக் காகிதக் கதையைக் கொஞ்சம் பார்ப்போம். தோட்டத்தில் நம்ம சனத்தின் பேர் முதலில் ஏறியது குடிமக்கள் பட்டியலில் இல்லை, கடன் கணக்கில். 'துண்டு' என்று ஒரு சீட்டு இருந்தது. இந்தக் கூலிக்கு இத்தனை ரூபாய் கடன், அதைக் கட்டினால் விடுவிக்கிறோம் என்று தோட்டம் எழுதிக் கொடுக்கிற சீட்டு. அந்தக் கடனை வாங்கிக்கொண்டு அடுத்த தோட்டத்துக்காரன் ஆளை எடுத்துக்கொள்வான். 1921இல்தான் இந்த முறையை ஒழித்தார்கள். ஆளை அடையாளம் காட்டியது அவன் பட்ட கடன். அந்தக் கடனை எழுதிய கங்காணி பெரும்பாலும் மேல்சாதிக்காரன். இதுதான் இந்த சனத்தின் முதல் 'பதிவு'.

இப்படிப்பட்ட சனத்திடம் 1948இல் சுதந்திர இலங்கை என்ன கேட்டது தெரியுமா? உன் அப்பன் இந்த மண்ணில் பிறந்ததற்குச் சான்று காட்டு, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் பிறந்ததற்குச் சான்று காட்டு என்றது. 1948ஆம் ஆண்டு 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம் அதுதான். லயத்தில் பிறந்து லயத்தில் செத்தவனின் பிறப்பை யார் எழுதி வைத்தார்கள்? எழுதி வைக்காதது அரசாங்கம், இல்லாத சான்றுக்குத் தண்டனை கூலிக்காரனுக்கு. 1949இல் இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1946 சனவரி 1க்கு முன்னால் கலியாணம் ஆனவர் 7 வருசம், ஆகாதவர் 10 வருசம் விடாமல் இலங்கையில் குடியிருந்ததைக் காட்ட வேண்டும் என்றது. இடையில் ஊருக்கு வந்து போனவன் மாட்டினான். ஏறத்தாழ 8 லட்சம் பேருக்காக விண்ணப்பம் போட்டார்கள். கிடைத்தது சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு.

ஆளும் கட்சி ஏன் இப்படிச் செய்தது என்பதற்கும் காரணம் உண்டு. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 இடம் பிடித்தது. வேறு பல தொகுதிகளில் தோட்ட ஓட்டு இடதுசாரிகளுக்கு விழுந்தது. கூலிக்காரன் ஓட்டு தோட்ட முதலாளிக்கும் டி.எஸ்.சேனநாயக்கவுக்கும் கசந்தது. அந்த 7 பேரும் மன்றத்தில் எழுந்து கேட்கத்தான் செய்தார்கள். பதிலாக வந்தது 1949இன் தேர்தல் திருத்தச் சட்டம்: குடிமகன் அல்லாதவனுக்கு ஓட்டு இல்லை. கேள்விக்குப் பதில் சொல்லாமல் கேட்கிற ஆளையே ஒழித்துக் கட்டிய வேலை அது. 1952 தேர்தலில் அவர்களில் ஒருத்தரும் இல்லை. அதற்குப் பிறகு 1977இல் தொண்டமான் ஜெயித்து வரும்வரை, மலையக மக்கள் ஓட்டுப்போட்டு அனுப்பிய ஆள் என்று அந்த மன்றத்தில் யாருமில்லை. இடையில் தொண்டமான் நியமன உறுப்பினராகத்தான் இருந்தார். நியமனம் என்றால் என்ன என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஈழத் தமிழ்த் தலைமையின் யோக்கியதையையும் சொல்லத்தான் வேண்டும். 1949 குடியுரிமைச் சட்டம் வந்தபோது ஜி.ஜி.பொன்னம்பலம் மந்திரிசபையில் இருந்தார். செல்வநாயகம் பிரிந்து போய்த் தமிழரசுக் கட்சி கண்டார். அந்த நேர்மைக்கு மரியாதை உண்டு. ஆனால் தமிழன் என்ற சொல்லுக்குள் தோட்டக்காட்டான் எப்போது வருவான், எப்போது வெளியே நிற்பான் என்று அன்றைக்கே தெரிந்துபோனது.

1964 அக்டோபர் 30. சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டார்கள். நாடில்லாத 9 லட்சத்து 75 ஆயிரம் பேர் என்று கணக்கு. 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3 லட்சம் பேரை இலங்கை எடுத்துக்கொள்ளும், மிச்சம் 1 லட்சத்து 50 ஆயிரத்தைப் பிறகு பார்க்கலாம். 1974இல் இந்திரா காலத்தில் அந்த மிச்சத்தையும் பாதிப்பாதி பங்கு போட்டார்கள். 7 பேர் இந்தியாவுக்கு என்றால் 4 பேர் இலங்கைக்கு என்று விகிதம். மாட்டுச் சந்தையில் துண்டு போட்டு விரல் பிடித்துப் பேசுகிற மாதிரி இரண்டு அரசாங்கம் பேசி முடித்தது. மாட்டிடம் யாரும் கேட்பதில்லை. இந்த சனத்திடமும் யாரும் கேட்கவில்லை.

ஒப்பந்தப்படி வந்தவர்களுக்கு நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம், நூற்பாலை, கடன் என்று கொஞ்சம் நடந்தது. பலர் இடைத்தரகனிடம் ஏமாந்து, வடுகபட்டிக்கு மேலே தெரிகிற இதே கொடைக்கானல் மலையில் பட்டை உரிக்கிற கொத்தடிமைகளாகக் கிடந்தார்கள். 1981 அக்டோபரோடு ஒப்பந்தக் கெடு முடிந்தது. 1984இல் தலைமன்னார் கப்பலும் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டு வாங்கி வைத்துக்கொண்டு கப்பலுக்குக் காத்திருந்தவர்கள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள்.

அதற்கிடையில் 1977, 1983 கலவரங்கள். அடிபட்டு மலையை விட்டு வவுனியா, கிளிநொச்சி, மன்னார் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறியவர்கள், அங்கே சண்டை வந்தபோது மற்றவர்களோடு படகேறினார்கள். கப்பலில் சீட்டோடு வந்தவன் 'தாயகம் திரும்பியோர்'. படகில் சீட்டில்லாமல் வந்தவன் 'அகதி'. அண்ணன் கப்பலில், தம்பி படகில் என்றால் அண்ணன் இந்தியன், தம்பி அயல்நாட்டான்! பாட்டன் ஊர் இரண்டு பேருக்கும் ஒன்றேதான்.

சட்டம் ஒவ்வொன்றாக இறுகியது. 1987 சூலை 1 முதல் இங்கே பிறந்தால் மட்டும் போதாது, பெற்றவரில் ஒருவர் குடிமகனாக இருக்க வேண்டும் என்றானது. 2003 திருத்தம் 'சட்டவிரோதக் குடியேறி' என்று ஒரு சொல்லை உள்ளே வைத்தது. குண்டுக்குத் தப்பி வந்தவன் கடவுச்சீட்டு எடுத்துக்கொண்டா வருவான்? அந்தச் சொல் விழுந்ததும், எத்தனை வருசம் இருந்தாலும் விண்ணப்பிக்கிற வழியே அடைந்துபோனது. 1991 மே 21க்குப் பிறகு பாதுகாப்பு என்ற பேரில் கியூ பிரிவு, தணிக்கை, சிறப்பு முகாம். தணிக்கை நாளில் ஆள் இல்லையென்றால் பேர் அடிபடும், பணக்கொடை நிற்கும் என்ற பயம். பெயிண்ட் அடிக்க வெளியூர் போனவன் வேலையை விட்டு ஓடி வர வேண்டும். பிள்ளைக்குப் பிறப்புச் சான்று உண்டு, குடியுரிமை இல்லை. பறையர் வீட்டுப் பிள்ளைக்குச் சாதி உண்டு, சாதிச் சான்று இல்லை. அரசியல் சட்டம் தருகிற பட்டியல் சாதி உரிமை குடிமகனுக்குத்தானாம். இழிவு மட்டும் கடல் தாண்டி வரும், உரிமை வராது.

2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மன்றத்துக்கு வந்தது. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வங்கதேசம் என்று மூன்று நாடு. முஸ்லிம் நீங்கலாக ஆறு மதம். இலங்கை இல்லை. ஏன் இல்லை என்று தமிழக உறுப்பினர்கள் கேட்டார்கள். இலங்கைத் தமிழர்களுக்கு முந்தைய ஒப்பந்தக் காலத்திலேயே குடியுரிமை கொடுத்தாயிற்று என்ற வகையில் பதில் வந்தது. கொடுத்தது யாருக்கு, விடுபட்டது யார் என்கிற துணைக்கேள்விதான் அங்கே விழுந்திருக்க வேண்டும். மாநிலங்களவையில் 125க்கு 105 என்று சட்டம் நிறைவேறியது. தமிழ்நாட்டு அ.தி.மு.க. ஓட்டும் அதில் உண்டு. 2021 செப்டம்பரில் தமிழகச் சட்டமன்றம் இந்தச் சட்டத்தை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. ஆனால் குடியுரிமை ஒன்றியப் பட்டியலில் 17ஆம் இனம். வடுகபட்டி அடங்கிய பெரியகுளம் தனித்தொகுதிதான். அந்த உறுப்பினர் சென்னையில் தொண்டை கிழியக் கத்தினாலும் பதில் சொல்ல வேண்டியது டெல்லி.

நீதிமன்றத்தில் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது. 2019 சூனில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, முகாமில் இருக்கும் மலையகத் தமிழர் 65 பேரின் வழக்கில், இவர்கள் இந்திய வம்சாவளியினர், இவர்கள் விண்ணப்பத்தை ஒன்றிய அரசு பரிசீலிக்க வேண்டும் என்றது. 1987 சூலைக்கு முன் முகாமில் பிறந்தவர் பிறப்பால் இந்தியரே என்று 2022இல் இன்னொரு வழக்கில் சொன்னது. 2025இல் குடியேற்றம், அயல்நாட்டார் பற்றிய புதுச் சட்டம் செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2015 சனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு, காகிதம் இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கும் தந்தார்கள். தண்டிக்க மாட்டோம் என்கிறார்கள். நீ எங்க ஆள் என்று சொல்லவில்லை. இலங்கை 2009இல் தன் சட்டத்தைத் திருத்தி இவர்களுக்குக் கதவு திறந்ததே என்பார்கள். திறந்தது உண்மைதான். விரும்புகிறவர் போகட்டும். ஆனால் இங்கேயே பிறந்து இங்கேயே பேரன் எடுத்தவனை, பாட்டன் ஊரிலிருந்து எதற்காகத் துரத்துவது?

தோழர்களே, மன்றத்தில் கேள்வி இரண்டு வகை. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு மந்திரி எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், துணைக்கேள்வி போடலாம். குறியில்லாத கேள்விக்கு எழுத்தில் ஒரு பதில் வரும், மேசையில் வைப்பார்கள், அதோடு சரி. முகாமில் எத்தனை பேர், மாதம் எவ்வளவு பணம் என்று கேட்டு எண்ணிக்கையை வாங்கிக்கொண்டு திருப்திப்படுகிற பழக்கத்தை விட வேண்டும். நம் தனித்தொகுதி உறுப்பினர்கள், தேனி உறுப்பினர், யாராயிருந்தாலும் சரி, நாம் போய் எழுதிக் கையில் கொடுக்க வேண்டிய கேள்விகள் இவை:

முகாம்களில் இருப்பவர்களில் 1964, 1974 ஒப்பந்தங்களில் அடங்கும் குடும்பத்தார் எத்தனை பேர்? அப்படித் தனியாகக் கணக்கெடுத்தது உண்டா?

ஒப்பந்தத்தில் இந்தியா ஏற்ற எண்ணிக்கையில் எத்தனை பேருக்குக் குடியுரிமை கொடுத்து முடித்தது? மீதிக்கு யார் பொறுப்பு?

2019 தீர்ப்புக்குப் பின் வந்த விண்ணப்பங்கள் எத்தனை, முடிவெடுத்தவை எத்தனை, தள்ளியதற்குக் காரணம் என்ன?

1987 சூலை 1க்கு முன் முகாம்களில் பிறந்தவர்களுக்கு, ஒவ்வொருவரும் வழக்குப் போடாமலே கடவுச்சீட்டும் வாக்காளர் அட்டையும் தர உத்தரவு உண்டா?

முகாமில் வாழும் தலித் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றும் படிப்பு உதவியும் தர என்ன ஏற்பாடு?

பதில் சொல்கிறவன் மழுப்பினால் துணைக்கேள்வி. அதற்கும் மழுப்பினால் அடுத்த கூட்டத்தொடரில் மறுபடியும் அதே கேள்வி. சாலையில் நடக்கிற உரிமைக்கு நம்ம முன்னோர் அப்படித்தான் கேட்டார்கள், ஒரு தடவையோடு விட்டுவிடவில்லை. வடுகபட்டியில் அடுத்த தணிக்கைக்கு வரிசையில் நிற்கிற பிள்ளைக்குத் தன் பூட்டன் எந்தச் சேரியிலிருந்து போனான் என்று தெரியாமல் இருக்கலாம். கங்காணி யாரை எங்கிருந்து பிடித்துக்கொண்டு போனான் என்பது அரசாங்கத்துக்குத் தெரியும். தெரிந்ததை மன்றத்தில் சொல்லவைப்பது நம் வேலை.