அடைக்கோழியும் ஏர் பிளாஸ்டும்

போன மாசம் எங்க வீட்டுப் பின்பக்கக் கோழி ஒண்ணு முட்டைப் பெட்டியை விட்டு எழுந்திரிக்க மாட்டேன்னு ஒரே அடம். கை நீட்டினா உடம்பைச் சிலிர்த்துக்கிட்டு 'கொர்ர்'ங்குது. நெஞ்சுப் பக்கம் இறகு உதிர்ந்து சதை தெரியுது. தீனிக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் இறங்குறா. டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போகணும்னு பொண்ணு அழ ஆரம்பிச்சுட்டா. "சீக்கு இல்லம்மா, அடைக்கு உக்காந்திருக்கு"ன்னேன். மெல்போர்ன்ல பொறந்த பிள்ளைக்கு அடைன்னா தோசைக்கு அக்காதான் :-)

எனக்கு இதெல்லாம் கத்துக்கொடுத்தது கோலார் தங்கவயலில் எங்க ஆயா. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகு, வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்த ஜனங்களில் எங்க கொள்ளுத்தாத்தாவும் ஒருத்தர். மூங்கில் தட்டி லைன் வீடுகள். 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து சுரங்க எந்திரங்களுக்குக் கரண்ட் வந்தாச்சு. பெங்களூருக்கே 1905-ல்தான். ஆனா லைன் வீட்டில் குஞ்சு பொரிக்க அடைக்கோழியை விட்டா வேற மெஷின் ஏது?

நாட்டுக்கோழி பத்துப் பதினஞ்சு முட்டை இடும், உடனே அடை. 21 நாள் உக்காரும், அப்புறம் குஞ்சுகளோட ரெண்டு மாசம் சுத்தும். அதுவரை முட்டை கிடையாது. சம்பளத்துக்கு முந்தின வாரத்தில் முட்டை விற்ற காசுதான் எண்ணெய்க்கு. அதனால எந்தக் கோழியை உக்கார வைக்கிறது, எதைத் தெளிய வைக்கிறதுன்னு ஆயா யோசிச்சுத்தான் முடிவு பண்ணுவாங்க. தெளிய வைக்க தண்ணியில் முக்குவாங்க, மூக்குத் துளையில் இறகைச் சொருகுவாங்க. பாவம், இப்போ நான் அதைச் செய்யமாட்டேன். கம்பி வலை அடித்தளம் போட்ட கூண்டில், தீனியும் தண்ணியும் வச்சு, நாலஞ்சு நாள் விட்டாப் போதும். அடியில் காத்தோட்டம் பட்டு வயித்துச் சூடு தணியும், அடைக்குக் காரணமான புரோலாக்டின் சுரப்பும் குறையும்.

உக்கார வச்ச கோழிக்கு முட்டைக்கு நடுவில் ஒரு இரும்புத் துண்டு, அடுப்புக்கரி, காய்ஞ்ச மிளகாய். இடி இடிச்சா முட்டை கெடும்னு நம்பிக்கை. எல்லா ஊரிலும் இடி மேலேயிருந்து வரும். எங்க ஊரில் கீழேயிருந்தும் வரும்! மூவாயிரம் மீட்டருக்கும் மேல ஆழமான சாம்பியன் ரீஃபில் பாறை அழுத்தம் தாங்காம வெடிக்கும். அதுக்குப் பேர் ஏர் பிளாஸ்ட். வீடே குலுங்கும், பாத்திரம் உருளும். அதனால ஆயா வைக்கிற இரும்பு, துளை போடுற கம்பியோட உடைஞ்ச துண்டு.

1980-களில் ஒரு ராத்திரி. நைனா நைட் ஷிப்ட். பெரிய ஏர் பிளாஸ்ட். லைன் பூரா பொம்பளைங்க ஷாஃப்டைப் பார்த்து ஓடினாங்க, அம்மாவும் ஆயாவும்கூட. "அடையைப் பார்த்துக்கடா"ன்னு என்னை உக்கார வச்சுட்டுப் போனாங்க. அழுதுகிட்டே பஞ்சாரத்துக்குப் பக்கத்தில் உக்காந்திருந்தேன். கோழி தலையை மட்டும் தூக்கிப் பார்த்துது, எழுந்திரிக்கவே இல்லை. விடிஞ்சு நைனா முகமெல்லாம் தூசியோட வந்தார். அவர் லெவலில் ஒண்ணும் ஆகலை. அந்த அடையில் 11 முட்டைக்கு 9 குஞ்சு.

எகிப்தில் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே மண் அடுப்பில் முட்டையைப் பொரிச்சாங்க. இங்குபேட்டர் பரவின பிறகு கோழி உக்கார வேண்டிய அவசியமே இல்லாம போச்சு. அடைக்கு உக்காராத கோழியாப் பார்த்துப் பார்த்துப் பெருக்கினதில் வந்ததுதான் இன்றைய வெள்ளை லெகார்ன். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடினதும் பாதி ஊர் பெங்களூருக்கு ரயிலேறி வேலைக்குப் போச்சு. நைனா போகலை. பெங்களூர் ஹெப்பாளம் கால்நடைக் கல்லூரியில் உருவாக்கின கிரிராஜா குஞ்சு வாங்கி வளர்த்தார். முட்டை நிறைய, ஆனா எங்க வீட்டில் ஒண்ணுகூட அடைக்கு உக்காரலை. கடைசியில் கிரிராஜா முட்டைக்கும் எங்க கருப்பு நாட்டுக்கோழிதான் அம்மா!

இங்கே எங்க ஏரியாவில் சேவல் வளர்க்க முடியாது. பண்ணைக்காரர்கிட்ட கருமுட்டை ஆறு வாங்கி வச்சோம். பொண்ணு தன் பங்குக்கு ஒரு ஆணி வச்சா. நேத்து எட்டாம் நாள். டார்ச் அடிச்சுப் பார்த்தோம் (நைனா தொப்பி விளக்கை லாம்ப் ரூமிலேயே கொடுத்துட்டு வரணும், அதனால அப்பவும் டார்ச்தான்). அஞ்சில் நரம்பு ஓடுது. ஒண்ணு கூமுட்டை.