மதராஸ் ஹெரால்டும் ஒரு போல்ட்டின் இறுக்கமும்

காளஹஸ்தி என்றதும் வாயுலிங்கமும் கண்ணப்ப நாயனாரும் நினைவுக்கு வருவது இயல்பு. சென்னையிலிருந்து காளத்திநாதரையும் திருமலையானையும் தரிசிக்கக் குடும்பம் குடும்பமாய் மக்கள் வந்திறங்கிய பழைய கார்களைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அவற்றுள் ஒன்று மதராஸிலேயே தயாரான கார். போல்ட்டின் இறுக்கம் என்ற சிறு விஷயத்தின் வழியே அந்தக் காரின் வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரை.

வண்டலூரில் பிறந்த கார்

இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு கம்பெனியுடன் கூட்டுச் சேர்ந்து, 1948-ல் மதராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. வண்டலூர் ஆலையிலிருந்து 1961-ல் ஹெரால்டு வந்தது. இக்காரின் அமைப்புக்கு ஒரு காரணம் உண்டு. ஸ்டாண்டர்டுக்கு உடல் தகடுகள் செய்து தந்த ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற கம்பெனியை 1953-ல் போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே கூடாகச் செய்து தர ஆளில்லை. எனவே உடலைப் பகுதி பகுதியாகச் செய்து, தனிச் சட்டத்தின்மேல் போல்ட் போட்டுப் பூட்டும் முறையைக் கையாண்டனர். ஆகவே ஹெரால்டைப் பழுது பார்ப்பது என்பது பெரும்பாலும் போல்ட்டோடு பழகுவதுதான்.

இன்ச்சா, எம்எம்மா?

1841-ல் விட்வொர்த் 55 பாகைக் கோணத்தில் மரைக்கு ஓர் ஒழுங்கு வகுத்தார். 1948-ல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் 60 பாகையில் ஒரு பொது மரைக்கு உடன்பட்டன. ஹெரால்டும் அம்பாசடரும் இந்த அங்குல வழி வந்தவை. பம்பாயில் செய்த ஃபியட்டோ மில்லிமீட்டர் வழி. அதனால்தான் அக்கால மெக்கானிக் கடைகளில் "இன்ச் செட்", "எம்எம் செட்" என்று இரண்டு ஸ்பானர் செட் இருந்தன.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். 5/16 அங்குல போல்ட் 7.94 மி.மீ.; பக்கத்திலேயே 8 மி.மீ. போல்ட். ஆனால் முன்னதில் அங்குலத்துக்கு 24 மரை, பின்னதில் சுமார் 20. மாற்றிப் போட்டு அழுத்தினால் இரண்டு மூன்று சுற்று ஏறும், பிறகு மரை அழிந்துவிடும். கை என்னவோ "நல்லா இறுகிடுச்சு" என்றுதான் சொல்லும்!

இறுக்கம் என்பது என்ன?

போல்ட் ஒரு வில் சுருளைப் போன்றது. இறுக்கும்போது அது மிக நுண்ணிய அளவு நீள்கிறது. மீண்டும் சுருங்கப் பார்க்கும் அந்த இழுவிசைதான் இரண்டு பாகங்களைச் சேர்த்துப் பிடிக்கிறது. நாம் போடும் முறுக்கு விசையில் ஏறத்தாழ பாதி போல்ட் தலையின் அடியிலும், 40 சதவீதம் மரையிலும் உராய்வாய்ப் போய்விடும். போல்ட்டை நீட்டுவது மிச்சமுள்ள 10 சதவீதம்தான். எனவே மரையில் எண்ணெய் பட்டிருந்தால், அதே முறுக்கில் போல்ட் கூடுதலாக இழுபடும். துருப்பிடித்திருந்தால் குறைவாக இழுபடும். கையேட்டில் உள்ள எண் உலர்ந்த மரைக்கா, எண்ணெய் பூசியதற்கா என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு அடி ஸ்பானரை 40 பவுண்டு விசையில் இழுத்தால் 40 அடி-பவுண்டு, அதாவது சுமார் 54 நியூட்டன் மீட்டர். "கழண்டுடப் போவுது, பைப் போட்டு இறுக்குடா தம்பி" என்பார்கள், தெலுங்கில் "கட்டிகா பிகிஞ்சு!" மூன்று அடி பைப் போட்டு அதே விசையில் இழுத்தால் 120 ஆகிவிடும். ஸ்டட் அறுந்துபோகலாம், அல்லது நீண்டுபோய்ப் பிடியிழக்கலாம். சிலிண்டர் ஹெட்டை நடுவிலிருந்து வெளிநோக்கி, இரண்டு மூன்று தவணையாக இறுக்கச் சொல்வதும் இதனால்தான். ஒரு மூலையை முதலில் முழுதாக இறுக்கினால் ஹெட் கோணும், கேஸ்கெட் போகும்.

அளவுகோல் வந்த கதை

முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சை 1918-ல் நியூயார்க் குடிநீர்த் துறையைச் சேர்ந்த கான்ராட் பார் உருவாக்கினார் என்பர். இரும்புக் குழாய் இணைப்புகளின் போல்ட்டை ஆட்கள் அளவுக்கு மீறி இறுக்கிவிடுவதைத் தடுக்கவே அது பிறந்தது. காளஹஸ்தியை அடுத்த ராச்சகுன்னேரியில் இரும்புக் குழாய் வார்க்கும் ஆலை இருப்பதை எண்ணினால், அந்தக் கதை நமக்கு அந்நியமல்ல. இதே திருப்பதி மாவட்டத்து ஸ்ரீசிட்டியில் 2016-ல் இசுசு வாகன ஆலை தொடங்கியது. இன்றைய வாகன ஆலைகளில் முக்கியமான போல்ட்டுகளைக் கருவியே அளந்து இறுக்கிப் பதிவும் செய்கிறது.

வண்டலூர் ஆலையிலோ 1988-ல் கார் உற்பத்தி நின்றது. கார் போனாலும் அதைப் பழுது பார்த்தவர்களின் கைப்பழக்கம் சில காலம் இருந்தது. அந்தக் கை அறிவு பொய்யல்ல. பல நூறு தடவை இறுக்கிப் பெற்றது. ஆனால் அது அந்த ஸ்பானருக்கும் அந்த மரைக்கும் மட்டுமே உரியது. பிள்ளைகளுக்கு அப்படியே கைமாற்றித் தர முடியாது. எண்ணாக எழுதி வைத்தால் தர முடியும்.

வெளியூரில் வாழும் நம் குடும்பங்களில் எங்காவது ஒரு ஹெரால்டு ஷெட்டில் நிற்கலாம். பரணில் எண்ணெய்க் கறை படிந்த அதன் கையேடும் கிடக்கலாம். காரை விற்க நேர்ந்தாலும் கையேட்டைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். திருமலை மலைப்பாதையில் ஒரு வண்டியை நம்பி ஏறுவது தெய்வ பலத்தால் மட்டுமல்ல, சரியாக இறுக்கிய சக்கர நட்டுகளாலும்தான். அதிகம் இறுக்குவது பலமல்ல, அளவாய் இறுக்குவதே பலம்.