எலும்பு முறிவில் தகடு–திருகாணிப் பொருத்தலின் நிலைத்தன்மை

தகடு–திருகாணிப் பொருத்தல் என்பது முறிந்த எலும்பின் துண்டுகளை உலோகத் தகட்டாலும் திருகாணிகளாலும் இணைத்து, எலும்பு கூடும் வரை அவற்றை உரிய நிலையில் வைத்திருக்கும் அறுவை மருத்துவ முறையாகும். பேச்சு வழக்கில் இது "பிளேட் வைத்தல்" எனப்படுகிறது. உடல் எடையாலும் தசைகளின் இழுப்பாலும் ஏற்படும் விசைகளைத் தாங்கி, தளராமலும் முறியாமலும் இருக்கும் தன்மையே இவ்வமைப்பின் நிலைத்தன்மை ஆகும். முறிவின் வகைக்கு ஏற்ற அளவு அசைவை மட்டும் அனுமதிக்கும் அமைப்பே நிலைத்தன்மை மிக்கது எனக் கொள்ளப்படுகிறது. மிகவும் விறைப்பான அமைப்பு சில வேளைகளில் எலும்பு கூடுவதைத் தடுக்கவும் கூடும்.

ஓசூர், கிருட்டிணகிரி போன்ற தொழிற்பகுதிகளில் சாலை விபத்தாலும் இயந்திர விபத்தாலும் எலும்பு முறிவுகள் நேர்வதால், இம்முறையைப் பற்றிய அறிவு மருத்துவருக்கு மட்டுமன்றித் தொழிலாளருக்கும் பயன்படுவதாகும்.

வரலாறு

எலும்பு முறிவுக்கு உலோகத் தகட்டைப் பொருத்தும் முறையை 1886 இல் செருமனியின் ஆம்பர்க் நகரைச் சேர்ந்த ஆன்சுமன் வெளியிட்டார். இங்கிலாந்தின் ஆர்பத்நாட் லேன், பெல்சியத்தின் அல்பன் லம்போட் ஆகியோர் இதனை வளர்த்தெடுத்தனர். அக்காலத் தகடுகள் உடலுக்குள் அரிப்புற்றன. தொற்றும் மிகுதியாக இருந்தது. 1949 இல் பெல்சியத்தின் ராபர்ட் டானிசு, முறிவு முனைகளை ஒன்றோடொன்று நெருக்கி அழுத்தும் தகட்டைப் பற்றி எழுதினார். 1958 இல் சுவிட்சர்லாந்தில் மாரிசு முல்லர் முதலிய அறுவை மருத்துவர்கள் ஏ.ஓ. என்னும் குழுவை நிறுவி, கருவிகளையும் திருகாணிகளின் அளவுகளையும் தரப்படுத்தினர். 1969 இல் சாய்வான துளைகளைக் கொண்ட இயங்கு அழுத்தத் தகடு அறிமுகமானது. 1990 இல் எலும்புடன் குறைந்த பரப்பில் மட்டும் தொடும் தகடும், 2000 ஆம் ஆண்டையொட்டிப் பூட்டுத் தகடும் வந்தன.

அசைவும் எலும்பு கூடுதலும்

முறிவிடைவெளியில் ஏற்படும் அசைவை அவ்விடைவெளியின் அகலத்தால் வகுத்தால் கிடைப்பது விகாரம் ஆகும். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த இசுடீபன் பெர்ரன் இதனை அடிப்படையாகக் கொண்டு ஒரு கோட்பாட்டை வகுத்தார். அதன்படி முதிர்ந்த எலும்புத் திசு ஏறத்தாழ 2 விழுக்காடு விகாரத்தையும், குருத்தெலும்பு 10 விழுக்காட்டையும், தொடக்கத்தில் உருவாகும் மென்திசு 100 விழுக்காட்டையும் தாங்கும். விகாரம் இவ்வளவுகளை மீறும் இடத்தில் அத்திசு உருவாகாது.

எடுத்துக்காட்டாக, 1 மி.மீ. இடைவெளியில் 0.5 மி.மீ. அசைவு இருந்தால் விகாரம் 50 விழுக்காடு ஆகும். அங்கு எலும்பு உருவாக இயலாது. பல துண்டுகளாக நொறுங்கிய முறிவில் அதே அசைவு மொத்தம் 10 மி.மீ. இடைவெளிகளில் பகிரப்பட்டால் விகாரம் 5 விழுக்காடு மட்டுமே. எனவே இரண்டு துண்டாக மட்டும் முறிந்த எலும்பை நெருக்கி அழுத்தி அசைவின்றிப் பொருத்துவர். இது முழு நிலைத்தன்மை எனப்படும். நொறுங்கிய முறிவில் சிறு துண்டுகளைத் தொடாமல், தகட்டைப் பாலம்போல் வைத்து ஓரளவு அசைவை அனுமதிப்பர். இது சார்பு நிலைத்தன்மை எனப்படும். இம்முறையில் முறிவைச் சுற்றிப் புது எலும்புத்திரள் உருவாகிப் பிணைக்கிறது. மாவுக்கட்டிலும், மூங்கில் சிம்பு வைத்துக் கட்டும் புத்தூர்க் கட்டிலும் எலும்பு கூடுவது இவ்வழியிலேயே ஆகும்.

வழமையான தகடும் பூட்டுத் தகடும்

வழமையான தகடு உராய்வினால் செயற்படுகிறது. லாரிச் சக்கரத்தின் நட்டுகளை இறுக்கும்போது, அழுத்தப்பட்ட பரப்புகளுக்கு இடையிலான உராய்வே சக்கரத்தை நழுவாமல் பிடிக்கிறது. அதுபோலத் திருகாணி தகட்டை எலும்பின்மேல் அழுத்த, உராய்வு சுமையைக் கடத்துகிறது. நல்ல புறணி எலும்பில் ஒரு திருகாணி 2000 முதல் 3000 நியூட்டன் வரை இழுவிசையை ஏற்படுத்தும். புரி தளர்ந்தால் உராய்வும் இல்லாமற்போகும். மேலும், தகடு அழுத்தும் இடத்தில் என்புச்சவ்வின் இரத்த ஓட்டம் குறைகிறது.

பூட்டுத் தகட்டில் திருகாணியின் தலையிலும் புரி உள்ளது. அது தகட்டின் துளையிலுள்ள புரியுடன் பூட்டிக்கொள்வதால் தகடும் திருகாணிகளும் ஒரே சட்டமாகின்றன. தகடு எலும்பை அழுத்த வேண்டியதில்லை. வழமையான அமைப்பில் திருகாணிகள் ஒவ்வொன்றாகத் தளரக்கூடும். பூட்டமைப்பில் அவை அனைத்தும் ஒருங்கே சுமையைத் தாங்குகின்றன. ஆகவே மூட்டை ஒட்டிய முறிவுகளுக்கும் எலும்புப்புரை நோயாளிகளுக்கும் இது ஏற்றது. ஆயினும் பூட்டுத் திருகாணியால் எலும்புத் துண்டைத் தகட்டை நோக்கி இழுக்க இயலாது. ஒரே துண்டில் இருவகையும் தேவைப்பட்டால், முதலில் வழமையான திருகாணியால் துண்டை இழுத்துச் சேர்த்து, அதன் பின்னரே பூட்டுத் திருகாணியைச் செலுத்த வேண்டும்.

நிலைத்தன்மையை மேம்படுத்தும் வழிகள்

தகட்டின் தடிப்பு: வளைவை எதிர்க்கும் விறைப்பு தடிப்பின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் அமையும். அகலமும் உலோகமும் மாறாதிருக்க, தடிப்பு 3 மி.மீ. இலிருந்து 4 மி.மீ. ஆக உயர்ந்தால் விறைப்பு ஏறத்தாழ 2.4 மடங்காகும்.

தகட்டின் நீளம்: நீளமான தகட்டில் நெம்புகோல் கை நீள்வதால் ஒவ்வொரு திருகாணியின்மீதும் விழும் இழுவிசை குறைகிறது. நொறுங்கிய முறிவில் தகட்டின் நீளம் முறிவுப் பகுதியின் நீளத்தைப்போல் 2 முதல் 3 மடங்கும், எளிய முறிவில் 8 முதல் 10 மடங்கும் இருப்பது நன்று எனக் கொள்ளப்படுகிறது.

திருகாணிகளின் எண்ணிக்கையும் இடமும்: எல்லாத் துளைகளையும் நிரப்புவது தேவையற்றது. பாலத் தகட்டில் துளைகளில் பாதி அல்லது அதற்கும் குறைவாகவே நிரப்புவர். முறிவுக்கு நேரே ஒரு துளை மட்டும் காலியாக இருந்தால் வளைவு முழுவதும் அவ்விடத்தில் குவிந்து தகடு முறியலாம்; இரண்டு மூன்று துளைகள் காலியாக விடப்பட்டால் வளைவு பரவலாகும்.

திருகாணியின் விட்டம்: 4.5 மி.மீ. புறணித் திருகாணியின் உட்தண்டு விட்டம் ஏறத்தாழ 3 மி.மீ.; 5 மி.மீ. பூட்டுத் திருகாணியில் அது 4.4 மி.மீ. வளைவு விறைப்பு விட்டத்தின் நான்மடியைப் பொறுத்ததாதலால், ஒரே உலோகமாயின் பின்னது ஏறத்தாழ 4.6 மடங்கு விறைப்பானது.

துளையிடல்: 4.5 மி.மீ. திருகாணிக்கு 3.2 மி.மீ. துளையும், 3.5 மி.மீ. திருகாணிக்கு 2.5 மி.மீ. துளையும் இடப்படும். எலும்பின் வெப்பநிலை 47 பாகை செல்சியசில் ஒரு நிமிடம் நீடித்தாலே திசு பாதிப்புறும். எனவே மழுங்காத துரப்பணமும், உப்புநீரால் குளிர்வித்தலும் இன்றியமையாதவை.

இறுக்கம்: அளவுக்கு மீறி இறுக்கினால் எலும்பில் வெட்டப்பட்ட புரி சிதைந்து பிடிப்பு முற்றிலும் போய்விடும். பூட்டுத் திருகாணிக்கு முறுக்குவிசையை வரையறுக்கும் கருவி பயன்படுகிறது. பரவலாக வழங்கும் தொகுதிகளில் 3.5 மி.மீ. திருகாணிக்கு 1.5 நியூட்டன் மீட்டரும், 5 மி.மீ. திருகாணிக்கு 4 நியூட்டன் மீட்டரும் வரம்பாகும். வாகனத் தொழிற்சாலையில் டார்க் ரெஞ்ச் செய்யும் பணியை ஒத்தது இது.

பொருத்தல் தோல்வியுறும் விதம்

எந்தத் தகடும் எல்லையின்றி உழைக்காது. நாளொன்றுக்கு 5000 அடிகள் நடப்பவரின் ஒரு கால் 2500 முறை சுமை ஏற்கிறது. 12 வாரங்களில் இது 2 லட்சத்தைத் தாண்டும். அதற்குள் எலும்பு கூடினால் சுமை படிப்படியாக எலும்புக்கு மாறும். கூடாவிடில் ஒவ்வொரு சுழற்சியும் தகட்டில் நுண்வெடிப்பை வளர்த்து, இறுதியில் அது அயர்வு முறிவுக்கு உள்ளாகும். இப்போட்டியில் எலும்புக்கு வேண்டிய காலத்தைப் பெற்றுத் தருவதே தகட்டின் பணியாகும். தொற்று, புகைபிடித்தல், கட்டுப்படாத நீரிழிவு, மருத்துவர் கூறும் முன்பே காலை முழுமையாக ஊன்றுதல் ஆகியன எலும்பைப் பின்தங்கச் செய்கின்றன. ஆகவே முறிந்த தகட்டைக் கொண்டு அதன் தரத்தை மட்டும் ஐயுறுவது பொருந்தாது. எலும்பு ஏன் கூடவில்லை என்பதே முதலில் ஆராயப்பட வேண்டும்.

ஓசூர்–கிருட்டிணகிரி பகுதி

கிருட்டிணகிரி மாவட்டம் 2004 பெப்ரவரி 9 அன்று தருமபுரி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. கருநாடக எல்லையிலுள்ள ஓசூரில் 1970களிலிருந்து சிப்காட் தொழிற்பேட்டை வளர்ந்துள்ளது. அசோக் லேலண்டு, டி.வி.எஸ். மோட்டார், டைட்டன் முதலிய நிறுவனங்களின் ஆலைகளும், அவற்றுக்கு உதிரிப்பாகம் செய்யும் சிறு பட்டறைகளும் இங்குள்ளன. 44, 48, 77 ஆகிய எண்களைக் கொண்ட தேசிய நெடுஞ்சாலைகள் கிருட்டிணகிரியில் சந்திக்கின்றன. இங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் திறந்துவைக்கப்பட்டது.

இத்தகைய தொழிற்பகுதிக்குரிய காயங்கள் இருவகைப்படும். பவர் பிரஸ் போன்ற இயந்திரங்களில் கை நசுங்கும்போது விரல் எலும்புகளும் உள்ளங்கை எலும்புகளும் முறிகின்றன. இவற்றுக்கு 1.5 முதல் 2.4 மி.மீ. வரையான திருகாணிகளைக் கொண்ட சிறு தகடுகள் பயன்படும். இங்கு உறுதியான பொருத்தலின் நோக்கம் விரல்களை விரைவில் அசைக்கச் செய்வதாகும். இல்லையேல் தசைநாண்கள் ஒட்டிக்கொண்டு, எலும்பு கூடினாலும் கை பயன்படாது. இருசக்கர வாகன விபத்துகளிலோ கால் எலும்புகள் தோலைக் கிழித்து வெளிவரும் திறந்த முறிவுகள் நேர்கின்றன. எலும்பின் நடுத்தண்டு முறிவுக்குப் பெரும்பாலும் உட்குழிவு ஆணியும், மூட்டை ஒட்டிய முறிவுக்குத் தகடும் தெரிவு செய்யப்படும். திறந்த முறிவில் காயத்தைத் தூய்மையாக்கித் தோலால் மூடும் வரை வெளிச்சட்டகம் இடப்படுவதும் உண்டு. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனை 2006 இல் வெளியிட்ட மதிப்பெண் முறை, கடுமையாகச் சிதைந்த காலைக் காப்பாற்றலாமா என்பதை முடிவுசெய்ய உதவுகிறது. தோல், எலும்பு, தசை–நாண்–நரம்பு ஆகியவற்றுக்குத் தனித்தனியே மதிப்பெண் இடப்படும்; மொத்தம் 14 அல்லது அதற்குக் குறைவாயின் காலைக் காக்கலாம் எனவும், 17 அல்லது அதற்கு மேலாயின் நீக்க நேரிடும் எனவும் அது கூறுகிறது.

தமிழ்நாடு அரசு 2021 திசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தின்படி, மாநில எல்லைக்குள் விபத்துக்குள்ளாகும் எவருக்கும், அவர் எம்மாநிலத்தவராயினும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றி வழங்கப்படுகிறது. எல்லைப்பகுதிக்கு இது குறிப்பிடத்தக்க பயனுடையது. ஈ.எஸ்.ஐ. காப்புறுதி பெற்ற தொழிலாளிக்குப் பணியிடக் காயத்தால் ஏற்படும் தற்காலிக இயலாமைக் காலத்தில் ஊதியத்தின் 90 விழுக்காடு வழங்கப்படுகிறது. இத்தகைய காப்பு இல்லாதவர் கூலியை இழக்க இயலாமல் முன்கூட்டியே வேலைக்குத் திரும்பும்போது, நன்கு பொருத்தப்பட்ட தகடும் தோல்வியுறலாம்.

வெளிமாநிலத் தொழிலாளர் சிகிச்சைக்குப்பின் சொந்த ஊர் செல்வதால் மற்றொரு சிக்கலும் எழக்கூடும். திருகாணித் தலையின் வடிவம் தொகுதிக்குத் தொகுதி வேறுபடும். அறுகோணத் தலையும் விண்மீன் வடிவத் தலையும் உண்டு. பொருந்தாத திருப்புளியைப் பயன்படுத்தினால் தலை தேய்ந்து, தகட்டை அகற்றுவதே பெரிய அறுவையாகிவிடும். எனவே தகட்டின் தயாரிப்பாளர், வகை, உலோகம், திருகாணிகளின் அளவு ஆகியன மருத்துவமனை தரும் விடுவிப்புச் சீட்டில் குறிக்கப்பட வேண்டும். அச்சீட்டையும் எக்சு கதிர்ப் படங்களையும் நோயாளி பாதுகாத்து வைத்தல் நன்று.