மியூனிக் நகராட்சியும் கட்டற்ற அலுவலக மென்பொருளும்

கட்டற்ற அலுவலக மென்பொருள் மைக்ரோசாஃப்ட் ஆஃபிசுக்கு மாற்றாகுமா என்னும் வினாவை ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி நடைமுறையில் சோதித்தது. 2003 மே மாதம் நகர மன்றம் லினக்சுக்கும் ஓப்பன் ஆஃபிசுக்கும் மாற முடிவெடுத்தது. அதற்குமுன் மைக்ரோசாஃப்ட் தலைவர் ஸ்டீவ் பால்மர் மேயரை நேரில் சந்தித்தார், விலையும் குறைக்கப்பட்டது. எனினும் முடிவு மாறவில்லை. ஆகவே விலையை மட்டும் கொண்டு இந்நிகழ்வை விளக்குதல் பொருந்தாது.

உண்மைத் தடை, துறைதோறும் சிதறிக் கிடந்த ஆவண வார்ப்புருக்களும் மேக்ரோக்களுமே. அவற்றை ஒழுங்குபடுத்த நகராட்சி தானே உருவாக்கிய வோல்மக்ஸ் என்னும் கருவி 2008இல் கட்டற்ற மென்பொருளாக வெளிவந்தது. (இத்திட்டத்தின் அதிகம் பேசப்படாத சாதனை இதுவே எனலாம்.) 2013 அளவில் ஏறத்தாழ 15,000 கணினிகள் மாறியிருந்தன. ஆனால் வெளி அலுவலகங்களிலிருந்து வந்த மைக்ரோசாஃப்ட் கோப்புகள் பல வேளைகளில் வடிவம் குலைந்து திறந்தன. 2014இல் மேயர் மாறினார். 2017 நவம்பரில் மன்றம் விண்டோசுக்குத் திரும்ப வாக்களித்தது.