பிரித்துப் போட்ட யந்திரம்

விஞ்ஞானப் படங்களின் அடுத்த பாகங்கள் ஜனங்களை இழப்பதற்கு நம்மவர்கள் சொல்லும் காரணம் சுலபமானது: சொன்னதையே சொன்னால் சலிக்கும். ஸ்ரீரங்கத்தில் நின்றுகொண்டு இதைச் சொல்ல முடியாது. பகல் பத்தின் பத்தாம் நாள் மோகினி அலங்காரம், மறுநாள் விடியுமுன் பரமபத வாசல். எல்லாம் தெரிந்தேதான் வருஷாவருஷம் கூட்டம் வந்து நெரிகிறது. சலிப்பு காரணமல்ல.

'எந்திரன்' 2010-ல் வந்தது. அதில் பங்குகொண்ட சுஜாதா ஸ்ரீரங்கத்தில் பாட்டியிடம் வளர்ந்தவர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்தவர். படம் வருமுன்பே, 2008 பிப்ரவரியில் காலமானார். கோர்ட் உத்தரவுப்படி சிட்டி தன்னைத்தானே உறுப்பு உறுப்பாகக் கழற்றிக்கொள்கிறது. பிறகு 2030-ல் ஒரு மியூசியம். ஏன் பிரித்தார்கள் என்று பள்ளிக் குழந்தை கேட்க, யோசிக்கத் தொடங்கியதால் என்கிறது யந்திரம். அந்த முடிவு யாருடையது என்ற ஆராய்ச்சி வேண்டாம். அது ஒரு நிஜமான இழப்பு.

2018-ல் '2.0'. செல்போன்கள் பறந்து மறைகின்றன. சிட்டியை மறுபடி பூட்டுகிறார்கள். அரசாங்கத்தின் தயக்கம் தவிர வேறு தடையில்லை. பணம் வந்திருக்கலாம், வசூல் வேறு, பிடிப்பு வேறு. திரும்பி வந்ததற்கு யாரும் எதையும் இழக்கவில்லை என்பதே என் உறுத்தல்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1982-ன் 'ஸ்டார் ட்ரெக்' படத்தில் ஸ்பாக் சாகிறான். ஜனங்கள் 1984 வரை காத்திருந்தார்கள். அவனை மீட்க கிர்க் தன் மகனையும் கப்பலையும் பறிகொடுக்க வேண்டியிருந்தது. 2009-ல் தொடரைப் புதிதாகத் தொடங்கினார்கள். 2013-ன் இரண்டாம் படத்தில் கிர்க் சாகிறான். அதே படத்திலேயே கானின் ரத்தத்தால் பிழைத்தும் விடுகிறான். 2016-ல் வந்த மூன்றாம் படத்தின் வசூல் குறைந்தது. ஒரு படத்தின் வசூலுக்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் சாவு செல்லாக்காசான உலகில் அடுத்த ஆபத்துக்கு யார் பதறுவார்கள்?

இராப்பத்தின் கடைசி நாள் நம்மாழ்வார் மோட்சம். ஆழ்வாரைப் பெருமாள் திருவடியில் சேர்த்துத் துளசியால் மூடிவிடுகிறார்கள். அந்தக் கணம் அவர் இல்லை. பிறகுதான் உலகத்துக்காக அவரைத் திருப்பித் தரும்படி பெருமாளை வேண்டுகிறார்கள், கிடைக்கிறார். போன வருஷமும் இப்படித்தானே என்று எவரும் முணுமுணுப்பதில்லை.

இது பக்தியல்லவா, சினிமாவோடு எப்படிச் சேரும் என்று கேட்கலாம். பக்தி கூட்டத்தை விளக்கும். சடங்கின் வரிசையை விளக்காது. முதலில் இழப்பு, பிறகு யாசகம், அதன் பிறகே திரும்புதல். துளசி மூடிய அந்த நேரத்தை யாரும் சுருக்குவதில்லை.

நம் அடுத்த பாகங்கள் நடுவிலுள்ளதை விட்டுவிடுகின்றன. சிட்டியைத் திருப்பிக் கேட்டது யார்? தியேட்டரில் இருந்தவனா, அல்லது முதல் படத்தின் கணக்கைப் பார்த்தவர்களா? கேட்காதவனிடம் திருப்பிக் கொடுத்தால் அவன் வாங்கிக்கொள்வான். வைத்துக்கொள்ள மாட்டான்.