ஹேண்டில் போடாமல் கிளம்பிய கார்கள்

கார் வரலாறு எழுதுகிறவர்கள் 1912ஐ ஒரு கோடு மாதிரி கிழித்துவிடுவார்கள். அதுக்கு முன்னாடி எல்லாரும் காருக்கு முன்னால் குனிந்து நின்று ஹேண்டில் சுற்றினார்கள், அந்த வருஷம் கேடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது, அதோடு கஷ்டம் தீர்ந்தது. இவ்வளவுதான் கதை. பெரும்பாலும் சரிதான். ஆனால் இதில் ஒரு சுவாரசியமான துண்டு விட்டுப்போகிறது. அந்தக் கோட்டுக்கு முன்னாடியே ஹேண்டிலைத் தொடாமல், காரைத் தள்ளாமல், சீட்டில் உட்கார்ந்தபடி சுவிட்சை மட்டும் போட்டு எஞ்சினைக் கிளப்பியவர்கள் இருந்தார்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் என்ற பொருளே அந்தக் கார்களில் கிடையாது. ஆங்கிலத்தில் இதை 'ஸ்டார்ட்டிங் ஆன் தி ஸ்விட்ச்' என்பார்கள். ஃபோர்டு மாடல் டி வைத்திருப்பவர்கள் இன்றைக்கும் 'ஃப்ரீ ஸ்டார்ட்' என்கிறார்கள்.

எப்படி முடியும்? பெட்ரோல் எஞ்சினை ஏன் சுற்றிவிட வேண்டியிருக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். பிஸ்டன் கீழே இறங்கிக் காற்றையும் பெட்ரோலையும் உறிஞ்ச வேண்டும், மேலே ஏறி அதை அழுத்த வேண்டும், அப்புறம்தான் பொறி, வெடி. முதல் வெடி நடக்கும் வரை பிஸ்டனை யாராவது நகர்த்தியாக வேண்டும். அதுக்குத்தான் ஹேண்டில்.

இப்போ ஓடிக்கொண்டிருக்கிற எஞ்சினை நிறுத்துங்கள். பொறி நின்றாலும் கனமான ஃப்ளைவீல் உடனே நிற்காது. இன்னும் சில சுற்று சுற்றும். அந்தச் சுற்றுகளில் சிலிண்டர்கள் கலவையை உறிஞ்சி அழுத்துகின்றன, ஆனால் எதுவும் எரிவதில்லை. கடைசியில் எஞ்சின் அசையாமல் நிற்கும்போது, நாலு சிலிண்டரில் ஒன்று மேல் உச்சியைத் தாண்டி, கீழே இறங்கும் பாதியில் நின்றிருக்கும். வால்வு இரண்டும் மூடியிருக்கும். உள்ளே எரியாத கலவை. அதாவது வெடித்திருக்க வேண்டிய சிலிண்டர், வெடிக்காமல் காத்துக்கொண்டிருக்கிறது. அங்கே ஒரே ஒரு பொறி விழுந்தால் போதும், பிஸ்டன் சரியான திசையில் உதைபடும். அந்த உதை அடுத்த சிலிண்டரை அழுத்தத்தைத் தாண்டித் தள்ளிவிட்டால், வண்டி ஸ்டார்ட்!

சிக்கல் பொறியில்தான். எஞ்சின் அசையாமல் நிற்கிறது. மேக்னெட்டோ என்பது சுற்றினால்தான் மின்சாரம் தரும் சாதனம், அதனால் அது உதவாது. இங்கே கைகொடுத்தது அந்தக் காலத்து ட்ரெம்ப்ளர் காயில். பழைய காலிங் பெல் வேலை செய்கிற அதே முறை: மின்சாரம் வந்தால் காந்தம் ஒரு தகட்டை இழுக்கும், இழுத்ததும் தொடர்பு அறும், அறுந்ததும் தகடு திரும்பி வந்து மறுபடி தொடும். ஒரு விநாடியில் இது நூறு தடவைக்கு மேல் நடக்கும். பாட்டரியிலிருந்து மின்சாரம் வருகிற வரைக்கும் 'ட்ர்ர்ர்ர்' என்று இரைந்தபடி பொறி மழையாகக் கொட்டும். எஞ்சின் சுற்றுகிறதா நிற்கிறதா என்று அதுக்குக் கவலையே இல்லை.

மாடல் டி காரில் இப்படி நாலு காயில்கள், சிலிண்டருக்கு ஒன்றாக, ஒரு மரப்பெட்டிக்குள் வரிசையாக இருக்கும். எந்தக் காயிலுக்கு மின்சாரம் போக வேண்டும் என்பதை டைமர் என்கிற வட்டச் சாதனம் தீர்மானிக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே இரண்டு லீவர்: வலப்பக்கம் த்ராட்டில், இடப்பக்கம் பொறியின் நேரத்தை முன்பின்னாகத் தள்ளுவது. ஓடும்போது ஃப்ளைவீலில் பதித்த காந்தங்களால் ஆன மேக்னெட்டோவே மின்சாரம் கொடுக்கும். சுவிட்சில் பாட்டரிக்கும் ஒரு பக்கம் உண்டு. பாட்டரி வைத்திருந்தவர்களுக்குத்தான் இந்த வித்தை. சுவிட்சை பாட்டரி பக்கம் திருப்பியதும் காயில் இரைந்தால் பாதி அதிர்ஷ்டம் அடித்தமாதிரி. இரையவில்லையா? இடது லீவரை மெதுவாக நகர்த்திப் பார்ப்பார்கள். டைமரின் தொடுமுனை சரியான இடத்தில் மாட்டினால் இரைச்சல் கேட்கும், கூடவே 'புஃப்' என்று எஞ்சின் உயிர் பெறும். நடந்தால் நடக்கும், நடக்காவிட்டால் இறங்கி ஹேண்டில் போட வேண்டியதுதான்.

ஏன் இந்த அதிர்ஷ்டக் கணக்கு? பிஸ்டன் நின்ற இடமும் டைமர் தொடுகிற இடமும் ஒத்துப்போக வேண்டும், அதுவே பாதி சந்தேகம். அதைவிட முக்கியம் சூடு. எஞ்சின் சூடாக இருந்தால் உள்ளே பெட்ரோல் ஆவியாகவே இருக்கும். பத்து நிமிஷம் கடைக்குப் போய்விட்டு வந்தால் சரி. ராத்திரி முழுக்க நின்றிருந்தால் கலவை பிஸ்டன் வளையங்கள் வழியாகக் கசிந்து போயிருக்கும், மிச்சம் குளிர்ந்து சுவரில் ஒட்டியிருக்கும். விவரம் தெரிந்த டிரைவர்கள் எஞ்சினை நிறுத்தும்போதே த்ராட்டிலைக் கொஞ்சம் திறந்து விடுவார்கள், நிற்கும் முன் சிலிண்டர் நிறையக் குடித்துவிட்டு நிற்கட்டும் என்று.

இந்த வித்தை ஏறக்குறைய வழக்கமாகவே பலித்தது ஆறு சிலிண்டர் கார்களில். ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கோஸ்ட் இதற்குப் பேர்போனது. ஆறு சிலிண்டரில் 120 டிகிரிக்கு ஒரு வெடி, ஆனால் ஒவ்வொரு பிஸ்டனும் கீழே இறங்க 180 டிகிரி. ஆகவே ஒன்று இறங்கி முடியும் முன்பே அடுத்தது தொடங்கிவிடும். எங்கே நின்றாலும் ஏதோ ஒன்று வசமான இடத்தில் இருக்கும். சில்வர் கோஸ்டில் மேக்னெட்டோ ஒன்று, ட்ரெம்ப்ளர் காயில் ஒன்று என இரண்டு தனித்தனி பொறி ஏற்பாடு. ஏழு லிட்டருக்கு மேற்பட்ட எஞ்சின், ஆனால் கலவையை அழுத்தும் விகிதம் மிகக் குறைவு. அது முக்கியம். காத்திருக்கும் சிலிண்டரில் இருப்பது அழுத்தப்படாத கலவை, அதன் வெடி சோனி வெடிதான். அந்தச் சோனி உதையால் அடுத்த சிலிண்டரின் அழுத்தத்தைத் தாண்ட முடிந்தது, அந்த அழுத்தமும் கம்மியாக இருந்ததால். இன்றைய எஞ்சின்கள் பத்துக்கு ஒன்று அழுத்துகின்றன. அவற்றிடம் இந்த உதை எடுபடாது.

இதே வெடிக்கு இன்னொரு முகம் உண்டு. பிஸ்டன் உச்சியைத் தாண்டிய பிறகு பொறி விழுந்தால் கார் கிளம்பும். உச்சிக்குப் போகும் முன்னாடியே விழுந்தால் எஞ்சின் பின்பக்கமாக உதைக்கும். புல்லட் ஓட்டியவர்களுக்கு 'கிக்கர் ரிட்டர்ன் அடிக்கிறது' தெரியும் இல்லையா, அதேதான். கணுக்காலுக்குப் பதிலாக மணிக்கட்டு. இடது லீவரைப் பின்னுக்குத் தள்ள மறந்துவிட்டு ஹேண்டில் போட்டவர்களின் கை எலும்பு மணிக்கட்டருகே ஒரு குறிப்பிட்ட விதத்தில் முறிந்தது. எலும்பு மருத்துவத்தில் அதற்கு இன்றும் 'ஷோஃபர்ஸ் ஃபிராக்சர்', அதாவது டிரைவர் முறிவு என்றே பெயர். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வை, கீழே அழுத்தாதே, மேலே இழு என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தது இதற்காகத்தான்.

மின்சார ஸ்டார்ட்டர் பிறந்த கதையும் இப்படி ஒரு விபத்தில்தான் தொடங்குவதாகச் சொல்வார்கள். டெட்ராய்ட் பக்கத்தில் பெல் ஐல் பாலத்தில் ஒரு பெண்ணின் கேடிலாக் நின்றுபோனது, கார்ட்டர்கார் நிறுவனர் பைரன் கார்ட்டர் உதவிக்கு இறங்கி ஹேண்டில் போட்டார், அது திருப்பி அடித்துத் தாடை உடைந்து, பிறகு இறந்தார், நண்பரான கேடிலாக் தலைவர் ஹென்றி லேலண்ட் மனம் நொந்து 'இந்த ஹேண்டிலை ஒழிக்கணும்' என்று முடிவெடுத்தார். பல இடங்களில் இது 1910 குளிர்காலத்தில் நடந்ததாக எழுதியிருக்கிறார்கள். கார்ட்டர் இறந்ததோ 1908 ஏப்ரலில்! செத்து இரண்டு வருஷம் கழித்து ஒருவர் ஹேண்டில் போட முடியாது. விபத்து நடந்தே இருக்கலாம், ஆனால் அதற்கும் ஸ்டார்ட்டருக்கும் நேர்க்கோடு போட்டது பின்னால் வந்த கைவேலை என்றுதான் எனக்குப் படுகிறது.

ஸ்டார்ட்டரைச் செய்தவர் சார்ல்ஸ் கெட்டரிங். ஓஹையோவில் டேட்டன் ஊர்க்காரர்களின் டெல்கோ நிறுவனம். கேஷ் ரெஜிஸ்டருக்கு மோட்டார் பொருத்திய அனுபவம் அவருக்கு இருந்தது. நாள் முழுக்க ஓடும் மோட்டார் என்றால் காருக்குள் அடங்காது, ஆனால் சில விநாடி மட்டும் மிஞ்சிய சுமை தாங்கினால் போதும் என்றால் சின்ன மோட்டாரே செய்துவிடும் என்பது அவர் பிடித்த சூட்சுமம். 1911 பிப்ரவரியில் ஓடிக்காட்டினார், 1912 மாடல் கேடிலாக்கில் வந்தது. காரைக் கிளப்பிய அதே மோட்டார், கார் ஓடும்போது ஜெனரேட்டராக மாறி பாட்டரியை நிரப்பியது, விளக்கும் எரிந்தது.

ஆனால் கெட்டரிங் கேடிலாக்குக்கு முதலில் செய்துகொடுத்தது ஸ்டார்ட்டர் இல்லை. அதற்குச் சற்று முன்னால் புதுப் பொறி ஏற்பாடு ஒன்றைக் கொடுத்திருந்தார். ட்ரெம்ப்ளர் பொறியைக் கொட்டிக்கொண்டே இருந்ததால் பாட்டரி சீக்கிரம் காலியாகும். கெட்டரிங் முறையில் வெடிக்கு ஒரு பொறி, அவ்வளவுதான். சிக்கனம், துல்லியம். அந்த வழி பரவப் பரவ, நிற்கும் எஞ்சினுக்குள் பொறி மழை பொழிவது போனது, அதோடு சுவிட்சில் கிளப்பும் வித்தையும் போனது. ஒரு கையால் எடுத்ததை மறு கையால் திருப்பிக் கொடுத்தவர் என்று அவரைச் சொல்லலாம். எடுத்தது அதிர்ஷ்டம் இருந்தால் கிடைப்பது, கொடுத்தது குளிர்ந்த காலையிலும் கிடைப்பது.

மற்றவர்கள் உடனே மாறிவிடவில்லை. சில்வர் கோஸ்டுக்கு மின்சார ஸ்டார்ட்டர் வந்தது உலகப்போர் முடிந்து 1919இல். மாடல் டிக்கும் அதே வருஷம்தான், அதுவும் எல்லா மாடலுக்கும் இல்லை. ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா ஓட்டியது என்ன கார் தெரியுமா? டெட்ராய்ட் எலெக்ட்ரிக். ஹேண்டிலே இல்லாத பாட்டரி கார். வீட்டுக்காரர் லட்சக்கணக்கில் விற்ற காரில் ஏறாததற்கு அவர் காரணம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

2009இல் மஸ்டா நிறுவனம் சிக்னலில் தானாக எஞ்சினை நிறுத்தி, தானாகக் கிளப்பும் ஐ-ஸ்டாப் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதில் எஞ்சின் நிற்கும்போதே பிஸ்டன்கள் வசமான இடத்தில் நிற்கும்படி கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். திரும்பக் கிளம்ப, இறங்கும் பாதியில் நிற்கிற சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோலைப் பீய்ச்சிப் பொறி விடும். டிரைவர் இடது லீவரைத் தடவித் தேடியதைக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுச் செய்கிறது. 0.35 விநாடியில் எஞ்சின் ஓடத் தொடங்கும். அழுத்தம் அதிகமான எஞ்சின் என்பதால் ஸ்டார்ட்டர் மோட்டாரும் கூடவே ஒரு சின்னத் தள்ளு தள்ளும். காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்புவது மட்டும் அதிலும் முழுக்க மோட்டார் வேலைதான்.